ஆம்புலன்ஸும் இதுவே, சவ ஊர்தியும் இதுவே
காடிலாக் அடிச்சட்டம், மில்லர்-மீட்டியர் கூடு. அமெரிக்கா, 1959

வால் துடுப்புகளை ரசித்து முடித்ததும் பின்கதவு வழியே எட்டிப் பாருங்கள். கூரை எவ்வளவு தாழ்வு! படுத்திருப்பவருக்கு அது போதும். காப்பாற்றுபவராலோ நிமிரவே முடியாது. குனிந்தபடி நெஞ்சை எப்படி அழுத்துவது?

அந்நாளில் அமெரிக்காவின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவை இறுதிச்சடங்கு நிறுவனங்கள். ஆளை நீட்டிப் படுக்கவைக்கும் வண்டி அவர்களிடம்தான் இருந்தது. இரட்டைப் பயன் வண்டிகளில் மேல்விளக்கைக் கழற்றி, சவப்பெட்டி நகரும் தரை உருளைகளைத் திருப்பிவிட்டால் சவ ஊர்தி தயார். ஏறிப் படுத்த நோயாளிக்கு இது தெரியாமலிருந்ததே நல்லது.

1966இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை இந்த ஏற்பாட்டைச் சாடியது. 1974இல் மத்திய அரசின் வடிவமைப்பு விதிகள் வந்தன. காரின் இடத்தை வேனும், லாரி அடிச்சட்டத்தில் பொருத்திய பெட்டியும் பிடித்தன. அடிச்சட்டம் தேய்ந்தால் பெட்டியைக் கழற்றிப் புதியதில் ஏற்றலாம், செலவு மிச்சம். உள்ளே நின்று வேலை செய்ய இடம் கிடைத்தது. போனது காடிலாக்கின் மெத்தென்ற ஓட்டம்: லாரியின் விறைத்த ஸ்பிரிங்குகள் ஒவ்வொரு பள்ளத்தையும் முறிந்த எலும்புக்குச் சொல்லிவிடும்.