தலைவர்களுக்குக் காவல் உண்டு, நாவுக்கு?

புது தில்லி:

உத்தரப் பிரதேச சட்டப்பேரவைத் தேர்தலின் முதல் கட்ட வாக்குப் பதிவுக்கு ஒரு வாரமே இருந்தது. 2022 பிப்ரவரி 3-ம் தேதி மாலை, மீரட் மாவட்டம் கிதௌரில் பிரசாரத்தை முடித்துக்கொண்டு ஹைதராபாத் மக்களவை உறுப்பினர் அசதுதீன் ஓவைசி காரில் தில்லி திரும்பிக்கொண்டிருந்தார். ஹாபூர் மாவட்டம் சஜார்சி சுங்கச்சாவடி அருகே அவரது காரை நோக்கித் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. டயர் பஞ்சரானது. வேறு காரில் ஏறி அவர் தில்லி வந்து சேர்ந்தார். நல்லவேளையாக எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

இந்தச் சம்பவம் தொடர்பாக இருவர் கைது செய்யப்பட்டனர். ஓவைசி சகோதரர்களின் மேடைப் பேச்சுகளால் ஆத்திரமடைந்து தாக்குதல் நடத்தியதாக அவர்கள் கூறியதாகப் போலீஸார் தெரிவித்தனர். மறுநாளே ஓவைசிக்கு மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் 'இசட்' பிரிவு பாதுகாப்பை மத்திய அரசு அறிவித்தது. மக்களவையில் எழுந்த அவர் அதை ஏற்க மறுத்துவிட்டார். தமக்கு வேண்டியது 'இசட்' பிரிவுக் காவல் அல்ல, 'ஏ' பிரிவுக் குடிமகன் என்ற சம மதிப்பே என்றார். இளைஞர்கள் வெறியூட்டப்படுவதைத் தடுக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பிப்ரவரி 7-ம் தேதி மாநிலங்களவையில் அறிக்கை அளித்த உள்துறை அமைச்சர் அமித் ஷா, பாதுகாப்பை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகோள் விடுத்தார்.

மக்கள் பிரதிநிதிக்கு ஆபத்து நேர்ந்தால் துப்பாக்கி ஏந்திய காவலர்களின் எண்ணிக்கையை உயர்த்துவது இந்தியாவில் பழகிப்போன தீர்வு. ஆபத்தை வளர்க்கும் பேச்சை என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் தேர்தல் ஆணையமும் இன்றுவரை முழுமையான விடை கண்டதில்லை.

தலைக்கு விலை

மேடையில் எதிரணித் தலைவரின் உயிரைப் பற்றிப் பேசுவது எந்த ஒரு கட்சிக்கும் உரிய தனிச்சொத்து அல்ல. 2014 மக்களவைத் தேர்தலின்போது, பாரதிய ஜனதாவின் பிரதமர் வேட்பாளர் நரேந்திர மோடியைத் துண்டு துண்டாக வெட்டுவதாகப் பேசிய காட்சி வெளியானதையடுத்து சஹாரன்பூர் காங்கிரஸ் வேட்பாளர் இம்ரான் மசூத் கைது செய்யப்பட்டார். அதே தொகுதியின் மக்களவை உறுப்பினராக 2024-ல் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2017 மார்ச்சில் கேரள முதல்வர் பினராயி விஜயனின் தலைக்கு ரூ. 1 கோடி தருவதாக உஜ்ஜயினியில் ஆர்.எஸ்.எஸ். நிர்வாகி ஒருவர் அறிவித்தார். அமைப்பு அவரைப் பொறுப்புகளிலிருந்து விடுவித்தது. அடுத்த மாதமே மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜியின் தலைக்கு ரூ. 11 லட்சம் என்று அலிகரில் பாஜக இளைஞர் அணியைச் சேர்ந்த ஒருவர் அறிவிக்க, நாடாளுமன்றத்தில் கட்சி வேறுபாடின்றிக் கண்டனம் எழுந்தது.

2022 டிசம்பரில் மத்தியப் பிரதேச முன்னாள் அமைச்சரும் காங்கிரஸ் தலைவருமான ராஜா படேரியா, அரசியல் சாசனத்தைக் காப்பாற்ற மோடியைக் 'கொல்ல'த் தயாராகுங்கள் எனப் பேசி, தோற்கடிப்பது என்ற பொருளிலேயே கூறியதாக அதற்கு விளக்கமும் அளித்தார். போலீஸார் அவரைக் கைது செய்தனர். 2024 செப்டம்பரில் மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தியின் நாக்கை அறுப்பவருக்கு ரூ. 11 லட்சம் என்றார் மகாராஷ்டிரத்தின் புல்டாணா தொகுதி சிவசேனை எம்.எல்.ஏ. சஞ்சய் கெய்க்வாட். அவர் மீது வழக்குப் பதிவு செய்யப்பட்டது.

இவற்றில் ஒரு பொது அம்சம் உண்டு. பேச்சு வெளியாகும், கண்டனம் எழும், கட்சித் தலைமை 'அது அவரது சொந்தக் கருத்து' என்று விலகிக்கொள்ளும், பேசியவர் திரித்துக் கூறப்பட்டதாகச் சொல்வார். சில மாதங்களில் எல்லாம் மறக்கப்பட்டுவிடும். பேச்சால் பெயர் பெற்றவருக்கு அடுத்த தேர்தலில் வாய்ப்புக் குறைந்ததாகவும் தெரியவில்லை.

காவலின் வரலாறு

தில்லியில் முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்பு ஏற்பாடுகள் ஒவ்வொன்றும் ஒரு துயரத்தின் பின்விளைவாகவே வந்தவை. 1984 அக்டோபர் 31-ம் தேதி சப்தர்ஜங் சாலை இல்லத்தில் பிரதமர் இந்திரா காந்தி தமது மெய்க்காவலர்கள் இருவராலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அதன் பிறகு 1985-ல் சிறப்புப் பாதுகாப்புப் படை அமைக்கப்பட்டது; 1988-ல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் பதவியில் இருக்கும் பிரதமரை மட்டுமே கருத்தில் கொண்டிருந்தது. 1989-ல் ஆட்சி மாறியபின் ராஜீவ் காந்திக்கு அப்படையின் காவல் விலக்கப்பட்டது. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் அவர் படுகொலை செய்யப்பட்டார். உரிய மாற்று ஏற்பாடின்றிக் காவலை விலக்கியதை நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் குறை கூறியது. முன்னாள் பிரதமர்களுக்கும் குடும்பத்தினருக்கும் காவலை நீட்டித்துச் சட்டம் திருத்தப்பட்டது. 2019-ல் மீண்டும் ஒரு திருத்தத்தின் மூலம் அது பதவியில் உள்ள பிரதமருக்கும் உடன் வசிக்கும் குடும்பத்தினருக்கும், பதவி விலகிய பிரதமருக்கு 5 ஆண்டுகளுக்கும் எனச் சுருக்கப்பட்டது.

மற்றவர்களுக்கு 'எக்ஸ்', 'ஒய்', 'இசட்', 'இசட் பிளஸ்' எனப் பிரிவுகள் உள்ளன. உளவுத் துறையின் அச்சுறுத்தல் மதிப்பீட்டின்பேரில் யாருக்கு எது என்பதை உள்துறை அமைச்சகம் முடிவு செய்கிறது. நடைமுறையில் இக்காவல் அந்தஸ்தின் அடையாளமாகவும், வழங்குவதும் விலக்குவதும் அரசியல் கருவியாகவும் ஆகிவிட்டதாக நெடுநாள் புகார் உண்டு. 2022 மே மாதம் பஞ்சாப் அரசு 424 பேரின் பாதுகாப்பைக் குறைத்தது. பெயர்கள் வெளியில் கசிந்தன. மறுநாளே, அப்பட்டியலில் இருந்தவரும் மான்சா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராகப் போட்டியிட்டவருமான பாடகர் சித்து மூஸேவாலா சுட்டுக்கொல்லப்பட்டார்.

காவல் இருந்தும் உயிர் தப்பாத நிகழ்வுகளும் குறைவல்ல. 1995 ஆகஸ்ட் 31-ம் தேதி பஞ்சாப் முதல்வர் பியந்த் சிங் சண்டீகரில் தலைமைச் செயலக வாயிலிலேயே தற்கொலைப் படைத் தாக்குதலுக்குப் பலியானார். 2001 ஜூலை 25-ம் தேதி நாடாளுமன்றத்திலிருந்து மதிய உணவுக்கு வீடு திரும்பிய மிர்ஸாபூர் எம்.பி. பூலன் தேவி, தில்லியில் தமது வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2023 ஜனவரி 29-ல் ஒடிசா சுகாதார அமைச்சர் நவ கிஷோர் தாஸைச் சுட்டவர் பணியில் இருந்த போலீஸ் உதவி சப்-இன்ஸ்பெக்டர்.

இவை அனைத்துக்கும் மேடைப் பேச்சே காரணம் என்று சொல்வதற்கில்லை. பயங்கரவாதம், பழைய பகை, மனநலக் குறை என ஒவ்வொன்றின் பின்னணியும் வேறு. ஆயினும் ஓர் உண்மை இவற்றால் தெளிவாகிறது. காவலரின் துப்பாக்கி கடைசி அரண் மட்டுமே. வன்முறைக்கான மனநிலை உருவான பிறகே அதன் வேலை தொடங்குகிறது.

சட்டம் உண்டு, அனுமதி?

வெறுப்பூட்டும் பேச்சைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 153-ஏ, 295-ஏ, 505 ஆகிய பிரிவுகள் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 196, 299, 353 ஆகிய பிரிவுகளாக உள்ளன. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி மதம், ஜாதி, மொழியின் பெயரால் வாக்காளரிடையே பகையை வளர்ப்பது தேர்தல் முறைகேடாகும். 153-ஏ பிரிவில் தண்டனை பெற்றால், அது வெறும் அபராதமே ஆனாலும், 6 ஆண்டுகள் தேர்தலில் போட்டியிட முடியாது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. இத்தகைய குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம். புதிய சட்டத்திலும் இந்த நிபந்தனை தொடர்கிறது. பேசியவர் ஆளுங்கட்சிக்காரர் என்றால் அனுமதி தரவேண்டியதும் அதே கட்சியின் அரசுதான்.

2007-ல் கோரக்பூரில் அப்போதைய எம்.பி. யோகி ஆதித்யநாத் ஆற்றிய உரை தொடர்பான வழக்கு இதற்கு உதாரணம். வழக்குத் தொடர 2017 மே மாதம் உத்தரப் பிரதேச அரசு அனுமதி மறுத்தபோது, அம்மாநிலத்தின் முதல்வரே அவர்தான். ஆதாரமாகத் தரப்பட்ட குறுந்தகடு திருத்தப்பட்டது என்று தடயவியல் ஆய்வு கூறியதாக அரசு தெரிவித்தது. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது; அனுமதி தொடர்பான சட்டக் கேள்வியை மட்டும் பின்னொரு வழக்குக்கு விட்டுவைத்தது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. 2019 தேர்தல் பேச்சுக்காக சமாஜவாதித் தலைவர் ஆஸம் கானுக்கு 2022 அக்டோபர் 27-ல் 3 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மறுநாளே எம்.எல்.ஏ. பதவி பறிபோனது. டிசம்பரில் ராம்பூர் இடைத்தேர்தலும் நடந்து முடிந்து, தொகுதி பாஜக வசமானது. 2023 மே மாதம் மேல்முறையீட்டில் அவர் விடுவிக்கப்பட்டார். ஆனால் தொகுதி திரும்பவில்லை. ஒரு வழக்கு தொடங்கவே இல்லை, இன்னொன்று விடுதலைக்கு முன்பே விலையை வாங்கிவிட்டது. சட்டம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்ற எண்ணம் வலுப்பட இவையே போதும்.

தாமதமும் ஒரு நோய். 1987 டிசம்பரில் மும்பை விலே பார்லே இடைத்தேர்தல் பிரசாரத்தில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே பேசிய பேச்சுக்காக, வென்ற வேட்பாளரின் தேர்தல் செல்லாது என உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 1995 டிசம்பரில். தாக்கரேயின் வாக்குரிமை பறிக்கப்பட்டது 1999-ல். பேச்சுக்கும் தண்டனைக்கும் இடையே 12 ஆண்டுகள் ஓடிவிட்டன.

விழித்த ஆணையம்

2019 ஏப்ரல் 15-ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் தேர்தல் ஆணையத்தின் அதிகாரம் குறித்துக் கேள்வி எழுந்தது. நோட்டீஸ் அனுப்புவது, அறிவுரை கூறுவது, மீண்டும் மீறினால் புகார் செய்வது தவிர வேறு வழியில்லை என்ற தொனியில் ஆணையத் தரப்பு பதிலளித்தது. ஆனால் அன்றே யோகி ஆதித்யநாத், ஆஸம் கான் ஆகியோருக்குத் தலா 72 மணி நேரமும், மாயாவதி, மேனகா காந்தி ஆகியோருக்குத் தலா 48 மணி நேரமும் பிரசாரத் தடை விதிக்கப்பட்டது. இல்லை எனக் கருதப்பட்ட அதிகாரம் ஒரே நாளில் தென்பட்டுவிட்டதை மறுநாள் நீதிமன்றமே சுட்டிக்காட்டியது.

2020 தில்லி தேர்தலில், துரோகிகளைச் சுட வேண்டும் என்ற பொருள்படும் முழக்கத்தைக் கூட்டத்தில் எழுப்பச் செய்த மத்திய இணை அமைச்சர் அனுராக் தாக்குருக்கு 72 மணி நேரமும், பர்வேஷ் வர்மா எம்.பி.க்கு 96 மணி நேரமும் தடை விதிக்கப்பட்டது. அதே ஜனவரியின் 30-ம் தேதி ஜாமியா மிலியா பல்கலைக்கழகம் அருகே போராட்டக்காரர்களை நோக்கிச் சிறுவன் ஒருவன் சுட்டான். முழக்கத்துக்கும் துப்பாக்கிக்கும் நேரடித் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. ஆனால் மேடையில் இருந்தவர்களுக்குக் காவல் இருந்தது, சாலையில் நின்றவர்களுக்கு இல்லை என்பது மட்டும் உறுதி. இந்தப் பேச்சுகளுக்காக வழக்குப் பதிவு செய்யக் கோரிய மனுவை, முன் அனுமதி இல்லை என்ற காரணத்தை ஏற்று 2022 ஜூனில் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் சென்றது.

அடுத்து என்ன?

வெறுப்புப் பேச்சுக்குத் தெளிவான வரையறையுடன் 153-சி, 505-ஏ எனப் புதிய பிரிவுகளைச் சேர்க்குமாறு சட்ட ஆணையம் தனது 267-வது அறிக்கையில் 2017 மார்ச்சில் பரிந்துரைத்தது. தண்டனைச் சட்டமே புதிதாக எழுதப்பட்டபோதும் அப்பிரிவுகள் இடம்பெறவில்லை. புகாருக்குக் காத்திராமல் போலீஸார் தாமாகவே வழக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று 2022 அக்டோபரில் தில்லி, உத்தரப் பிரதேசம், உத்தரகண்டுக்கு உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 ஏப்ரலில் அதை எல்லா மாநிலங்களுக்கும் விரிவுபடுத்தியது. ஆனால் வழக்குப் பதிவுக்கும் விசாரணைக்கும் இடையே அரசின் அனுமதி என்ற கதவு அப்படியே இருக்கிறது.

புதிய சட்டம் ஆளுவோர் கையில் எதிர்ப்பாளர்களை ஒடுக்கும் ஆயுதமாகிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. பேச்சுரிமையை நெரிப்பதாகக் கூறித் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததை மறக்க முடியாது. கடுமையான விமர்சனம் வேறு, உயிருக்கு விலை வைப்பது வேறு. இந்த எல்லைக்கோட்டைச் சட்டம் தெளிவாக வரையவேண்டும். அனுமதி தரும் பொறுப்பும் பேசியவரின் கட்சி ஆளும் அரசிடம் இருக்கக்கூடாது.

அதைவிட விரைவாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2023 ஜனவரி 3-ம் தேதி அளித்த அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பில், பெரும்பான்மையிலிருந்து சில அம்சங்களில் மாறுபட்ட நீதிபதி பி.வி. நாகரத்னா, தங்கள் நிர்வாகிகளின் பேச்சைக் கட்டுப்படுத்த கட்சிகளே நடத்தை விதிகளை வகுக்கலாம் என்றார். இதற்கு நாடாளுமன்றம் கூடவேண்டிய அவசியமில்லை. தலைக்கு விலை வைத்தவருக்கு அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை என்று கட்சித் தலைமைகள் அறிவித்தால் போதும்.

2025 ஆகஸ்ட் 20-ம் தேதி காலை சிவில் லைன்ஸில் மக்கள் குறைகேட்பின்போது தில்லி முதல்வர் ரேகா குப்தா தாக்கப்பட்டார். பிடிபட்டவர் ராஜ்கோட்டைச் சேர்ந்தவர். தெருநாய்கள் பற்றிய நீதிமன்ற உத்தரவால் கொதித்துப்போயிருந்ததாகக் கூறப்பட்டது. அரசியல் மேடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் ஒரு தடுப்பு கூடுகிறது. மனுவோடு வருபவருக்கும் மனுவை வாங்குபவருக்கும் இடையே தூரம் வளர்கிறது. குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பிரதிநிதியிடம் குடிநீர்க் குழாயைப் பற்றியோ ரேஷன் அட்டையைப் பற்றியோ சொல்ல வந்த முதியவர் எட்டி நின்றே திரும்புகிறார். மேடையில் எரியும் வார்த்தைகளுக்கான விலையில் ஒரு பங்கை அவரும் செலுத்துகிறார்.