வேகம் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு

கல்லாவி, ஊத்தங்கரைப் பக்கத்து அண்ணன்மார்கள் பலர் ஓசூருக்கும் போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். வாரமெல்லாம் ஸ்பேனர் பிடித்த கை லீவு நாளிலும் சும்மா இருக்காது. சொந்தக் காரின் போனட்டைத் திறந்துவிடுவார்கள். “ஃபில்டரை மாத்தலாமா? சைலன்சரை மாத்தலாமா? இன்னும் கொஞ்சம் பிக்-அப் ஏத்தலாமா?” என்று பேச்சு ஓடும். பக்கத்தில் நின்று டார்ச் அடிக்கும் வேலை உங்களுக்கு. டார்ச் அடிப்பவருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டுமே!

பின்கதவை மேலே தூக்கித் திறக்கிறோமே, அந்தக் குட்டிக் காருக்கு ஹேட்ச்பேக் என்று பெயர். அதற்குள் பலசாலி இன்ஜினை வைத்தால் அது ஹாட் ஹேட்ச்பேக். நம் நாட்டில் 2013-ல் விற்பனைக்கு வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ அப்படிப்பட்ட கார். அன்றைய சாதாரண பெட்ரோல் போலோவுக்கும் இதற்கும் இன்ஜின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான், 1,200 சிசி. ஆனால் அதன் திறன் 75 குதிரை, இதன் திறன் 105 குதிரை. கூடுதலாக வந்த 30 குதிரைகள் எங்கே ஒளிந்திருந்தன?

காற்றில். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டால் ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேல் காற்று! மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி போல ஒன்பது தொட்டிகள் நிறையக் காற்று. பெட்ரோலை அதிகம் ஊற்றுவது சுலபம், காற்றை அதிகம் நுழைப்பதுதான் கஷ்டம். கல் குவாரித் தூசி படிந்த ஏர் ஃபில்டரோடு கார் மந்தமாக ஓடுவதும் இதனால்தான். அதைச் சுத்தம் செய்வது அல்லது புதிது போடுவது வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல வேலை.

காற்றை வலுக்கட்டாயமாகத் திணிக்க ஒரு வழியைச் சொல்லி, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905-ல் காப்புரிமை பெற்றார். அதுதான் டர்போ. இன்ஜினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். சுழலும் வேகம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல்.

இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு வேகமாக அடித்துவிட்டு, பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? அழுத்தினால் காற்று சூடாகும். சூடான காற்று விரிந்துவிடும், அதில் ஆக்சிஜன் குறையும். அதனால் டர்போ காரில் ‘இன்டர்கூலர்’ வைத்துக் காற்றைக் குளிரவைத்து அனுப்புகிறார்கள். அதையும் மீறிச் சூடு ஏறினால், ஸ்பார்க் பிளக் பொறி தட்டி முறைப்படி எரியாமல் பெட்ரோல் கலவை தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் இதை ‘நாக்கிங்’ என்பார்கள். நீடித்தால் பிஸ்டன் உடையும். காரின் கணினியில் கணக்கை மாற்றிப் பவர் ஏற்றும் ‘ரீமேப்’ வேலையில் உள்ள ஆபத்தும் இதுவே. கம்பெனிக்காரர்கள் மட்டமான பெட்ரோலுக்கும் மே மாத வெயிலுக்கும் சேர்த்துத்தான் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். ரீமேப் அந்த இடத்தைத்தான் தின்கிறது.

சைலன்சர் விஷயம் தனி. அதைக் கழற்றினால் கார் வேகமாகப் போவதாகக் காதுக்குத் தோன்றும், ஸ்பீடோமீட்டருக்குத் தோன்றாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சமயத்தில் இரண்டுமே கூட.

சரி, பவர் ஏறிவிட்டது. நிறுத்துவது எப்படி? அண்ணன்மார்கள் அவ்வளவாகப் பேசாத இடம் இதுதான்.

ஓடும் காரிடம் உள்ள இயக்க ஆற்றல், வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. பிரேக் மிதிக்கும்போது அந்த ஆற்றலில் பெரும்பகுதி பிரேக் தட்டுகளில் சூடாக மாறுகிறது. ஆயிரம் கிலோ கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால், அந்தச் சூட்டில் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான கிணற்றுத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். 120 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் ஏறக்குறைய 1.8 லிட்டர்! அதுவும் சில விநாடிகளில். (போச்சம்பள்ளியில் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்கள் இதில் ஒரு பங்கைத் திரும்ப மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகின்றன. பெட்ரோல் கார் எல்லாவற்றையும் காற்றில் விட்டுவிடும்.)

பவரையும் பிரேக்கையும் சேர்த்தே ஏற்றியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1959-ல் வந்த மினி காருக்கு 34 குதிரைத்திறன். பந்தயக் கார் செய்யும் ஜான் கூப்பர் கைவைத்த பிறகு, 1961-ல் வந்த மினி கூப்பருக்கு 55. இன்ஜினைப் பெரிதாக்கியதோடு அவர்கள் நிற்கவில்லை. முன்சக்கரங்களில் இருந்த டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு, காற்று பட்டுச் சீக்கிரம் ஆறும் டிஸ்க் பிரேக்கைப் போட்டார்கள். அதன் தம்பியான கூப்பர் எஸ் 1964-ல் மான்டி கார்லோ ராலி என்ற கார் பந்தயத்தை வென்றது. மாற்றி அமைப்பதென்றால் இப்படி இருக்க வேண்டும்.

டிஸ்க் இருந்தால் மட்டும் போதாது. மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். புது ‘டாட் 4’ ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவம் அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். மிதி தரைவரை போகும், கார் நிற்காது. தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அனுபவமுள்ள டிரைவர்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குவது, பிரேக்கைச் சூடேறவிடாமல் காக்கத்தான்.

டார்ச் அடிக்கும்போது உங்களுக்கு இரண்டு விதிகள். ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கும் காருக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் பீறிட்டு அடிக்கும். மற்றபடி டயர் பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேட்டைத் தேடிப் பாருங்கள். அதன் உயரம் 1.6 மி.மீ. டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், பவர் ஏற்ற வைத்திருக்கும் பணத்தில் முதலில் டயர் வாங்க வேண்டும்.

வேகம்தான் வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. ஊத்தங்கரை ரோட்டில் ஆடு மாடுகள் குறுக்கே வரும், அங்கே வேண்டியது நல்ல பிரேக். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் பல கார்களின் கையேட்டில் எழுதியிருக்கும். உங்கள் வீட்டுக் காருக்குக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று இன்றைக்கே கேளுங்கள்.