பதுளையின் மழைக்காலமும் ஓரிரவுக் கணக்கும்

"இந்த முறை மழை எப்படி டீச்சர்?"

தீபாவளிச் சாமான் வாங்க டவுனுக்கு இறங்கும் பழைய மாணவர்கள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது இதைத்தான். பதுளையில் நீண்ட காலம் புவியியல் படிப்பித்தவள் நான். பிறந்து வளர்ந்தது பசறை வீதியில் ஒரு தோட்டத்து லயத்தில். அப்பா தோட்டத்து ஒபீஸில் எடுபிடி வேலை பார்த்தார். விடிந்ததும் மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து கிளாக்கர் ஐயாவிடம் சொல்வது அவர் பொறுப்பு. அந்தக் கண்ணாடிக் குழாயைச் சின்ன வயதிலேயே கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். இன்றும் மழை என்றதும் எனக்கு ஓர் எண்தான் முதலில் நினைவுக்கு வரும்.

கேள்வி ஒன்றாக இருந்தாலும் கேட்பவர்களின் தேவை வேறுவேறு. வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு போடுகிறவருக்கு மூன்று மாதத்தில் மொத்தம் எவ்வளவு பெய்யும் என்று தெரிந்தால் ஓரளவு போதும். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பெண்ணுக்கு எத்தனை நாள் நனைய வேண்டும், எத்தனை நாள் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழும் என்பதே கணக்கு. சரிவுக்குக் கீழே லயத்தில் பிள்ளைகளை அணைத்துப் படுத்திருக்கும் தாய்க்கு ஒரே ஓர் இரவுதான் பிரச்சினை. பருவகால முன்னறிவிப்பு என்று வானொலியிலும் பத்திரிகையிலும் வருவது முதலாமவருக்கு உரிய பதில். அந்தத் தாய் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

நம் பள்ளத்தாக்கின் இயல்பு தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து 670 மீட்டர் அளவு உயரத்தில், பதுளு ஓயா வளைந்தோடும் பள்ளத்தில் இருக்கிறது. தென்கிழக்கே நமுனுகுல மலை 2,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. மேற்கே மத்திய மலைநாடு சுவராக மறிக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் ஹட்டன், வட்டவளைப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டரும் பெய்யும். அந்தக் காற்று மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காய்ந்து, சூடேறி, கச்சானாக அடிக்கிறது. பதுளைக்கு ஜூன்தான் மிக வறண்ட மாதம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்த வறட்சியில் செடி படும் பாடுதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கித் தந்த வாசனை.

ஒக்டோபரில் காற்று திசை மாறத் தொடங்குகிறது. அதோடு நமக்குக் காலம் பிறக்கிறது. வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வாடைக்காற்று மட்டக்களப்புக் கரையைக் கடந்து, பிபிலைச் சமவெளி தாண்டி, லுணுகலை, மடுல்சீமைச் சரிவுகளில் மோதி மேலேறுகிறது. ஏறும் காற்று குளிர்ந்து மழையாகிறது. பதுளையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,800 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதத்துக்குள் வந்துவிடும். அதற்கு முன்பே நாங்கள் விறகை உள்ளே அடுக்கத் தொடங்குவோம்.

நான்கு மாதமும் ஒரே மாதிரி இருக்காது. ஒக்டோபரில் காலை வெயில் அடிக்கும், பின்னேரம் இடியோடு ஊற்றும். மின்னலுக்குப் பயந்து மலையிலிருந்து ஆட்களை இறக்கும் காலம் இது. நவம்பரில் விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும். அவற்றில் ஒன்று நம் தீவை நோக்கித் திரும்பினால் மழை நாள்கணக்கில் நிற்காது. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும் இந்த மாதத்துப் பிள்ளைதான். டிசம்பரில் வடகீழ் பருவப்பெயர்ச்சி நிலைகொண்டதும் இடி குறைந்து, சாம்பல் வானமும் நசநசவென்ற தூறலுமாகப் போகும். ஜனவரி பாதி கழிந்தால் மழை பின்வாங்கும். பெப்ரவரியில் வானம் தெளியும், விடியற்காலைக் குளிர் கூடும்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுவரெலியாவில் தை, மாசி விடியலில் புல்லின்மேல் துகள் உறைபனி படிந்து கொழுந்து கருகும். அது பதுளைக்கு வராது. இங்கே ஜனவரி இரவுகள் 17, 18 பாகையை ஒட்டி நிற்கும், சில விடியல்களில் அதற்கும் கீழே போகும். மேகமில்லாத இரவில் மலைச்சரிவுகள் வேகமாக வெப்பத்தை இழக்கின்றன. அங்கே குளிர்ந்து கனத்த காற்று மெல்ல இறங்கி ஓயாவின் பள்ளத்தில் தேங்குகிறது. மேலே இளஞ்சூடான காற்று மூடிபோல் கிடப்பதால் கீழே உள்ள பனிமூட்டமும் அடுப்புப் புகையும் எட்டு மணி வரை கலையாது. ஹாலி எலையிலிருந்து வரும் பஸ் பனிக்குள் விளக்குப் போட்டுக்கொண்டு வரும்போது, மேலே தோட்டத்தில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்கும். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கும் வயசாளிகளுக்கும் பெப்ரவரிக் காலைகள் கடினமானவை. வாசலில் குப்பை எரிப்பதை அந்த மாதத்திலாவது நிறுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

புயல் சேர்ந்தால் குளிரின் கணக்கும் மாறிவிடும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கடந்தபோது, குளிரே அறியாத வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் நனைந்து விறைத்துச் செத்தன.

இனி முன்னறிவிப்புக்கு வருகிறேன். வளிமண்டலவியல் திணைக்களம் மாதந்தோறும் அடுத்த மூன்று மாதங்களுக்கான எதிர்பார்ப்பை வெளியிடுகிறது. அதில் மழை மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: வழமையைவிடக் குறைவு, வழமை, வழமையைவிடக் கூட. எதுவும் தெரியாத நிலையில் மூன்றுக்கும் நூற்றுக்கு 33 வீத வாய்ப்பு. ஒரு மாணவி, இப்போது லுணுகலைப் பக்கம் பாலர் பாடசாலை நடத்துகிறவள், பேப்பரைக் கொண்டுவந்து காட்டிக் கேட்டாள்:

"வழமையைவிடக் கூடப் பெய்ய நூற்றுக்கு 45 வீதம்னு போட்டிருக்கு. அப்ப மழை வருமா, வராதா டீச்சர்?"

"மழை வரும் பிள்ளை. கூட வருவதற்குச் சாடை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். குறையவும் இடமிருக்கு."

"எந்த நாள்னு சொல்ல மாட்டாங்களா?"

"மூன்று மாதத்துக்கு முன்னால யாராலும் சொல்ல ஏலாது."

அந்த 45 எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தூரத்துக் கடல்களிலிருந்து. பசிபிக் சமுத்திரத்தின் நடுவும் கிழக்கும் வழமையைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடும், ஜனவரிக்குப் பிறகு குறையும். அது குளிரும் லா நினா ஆண்டுகளில் பெரும்பாலும் இதற்கு மாறாக நடக்கும். நம் இந்து சமுத்திரத்திலும் இப்படி ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆபிரிக்கக் கரைப் பக்கம் சூடாகவும் சுமாத்திராப் பக்கம் குளிராகவும் இருந்தால் நமக்கு மழை கூடும். 2019 அப்படியோர் ஆண்டு, அந்த டிசம்பரில் தீவின் பல பகுதிகள் வெள்ளத்தில் கிடந்தன. கடல் மெதுவாக மாறுவதால் இந்தச் சாடைகளை முன்கூட்டிப் பார்க்க முடிகிறது. மகா போகத்துக்கு என்ன விதைப்பது, தேயிலையின் கொப்புள நோய்க்கு மருந்தடிக்க எவ்வளவு தயாராக இருப்பது, தோட்டத்துப் பாதையை எப்போது திருத்துவது என்று தீர்மானிக்க இது மிகவும் பயன்படும். விஞ்ஞானிகள் உழைத்துத் தரும் இந்தத் தகவலை நான் மதிக்கிறேன்.

ஆனால் 2025ஐப் பாருங்கள். அந்த ஒக்டோபர், நவம்பரில் பசிபிக் லா நினாப் பக்கம் சாய்ந்திருந்தது. இந்து சமுத்திரத்தின் ஏற்றத்தாழ்வும் நமக்கு மழையைக் குறைக்கும் திசையிலேயே இருந்தது. இரண்டு கடலும் வறட்சிப் பக்கம் கைகாட்டிய அதே பருவத்தில், நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா வந்தது. நவம்பர் 28 அன்று கிழக்குக் கரையில் ஏறிய அந்தப் புயல் தீவோடு ஒட்டியே மெதுவாக நகர்ந்து, மலைநாட்டில் நாள்கணக்கில் கொட்டியது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியாவோடு பதுளையும் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டம். 1924இல் பதுளைக்கு வந்துசேர்ந்த மலைநாட்டு ரயில் பாதை இடமிடமாகச் சிதைந்தது. அந்த மூன்று மாதத்தையும் கூட்டி வகுத்து என்ன சராசரி வந்தாலும், மண்ணுக்குள் போனவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை.

அதனால்தான் மூன்றாவது கேள்விக்காரிக்கு, சரிவுக்குக் கீழே படுத்திருக்கும் அந்தத் தாய்க்கு, வேறு எண்கள் வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படியாக விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் மஞ்சள்: கவனமாக இருங்கள். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள்: புறப்பட ஆயத்தமாகுங்கள். 150ஐத் தாண்டினாலோ, ஒரு மணி நேரத்தில் 75 கொட்டினாலோ சிவப்பு: வெளியேறுங்கள். இந்த மூன்று எண்களையும் பெருக்கல் வாய்பாடு மாதிரி பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கினேன்.

150 மில்லிமீட்டர் என்பது பார்வைக்கு ஒரு சாண் கூட வராது. ஆனால் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லீட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் தேயிலையில் 150 மில்லிமீட்டர் விழுந்தால் ஆறு லட்சம் லீட்டர், எடையில் 600 தொன். கான் துப்புரவாக இருந்தால் அதில் ஒரு பங்கு ஓடிப்போகும். கான் தூர்ந்த மலையில் அதிகப் பங்கு மண்ணுக்குள் இறங்கி, மண் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பிடிப்பைத் தளர்த்திவிடும். பழைய காலத்தில் ஒருமுறை சரிந்து வந்து தங்கிய மண் என்றால் இன்னும் மோசம். அப்படிப்பட்ட தட்டையான இடங்களில்தான், கட்ட வசதி என்று, லயங்கள் பலவற்றை எழுப்பியிருக்கிறார்கள்.

கொஸ்லந்தை மீரியபெத்தையை மறக்க முடியுமா? 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணி அளவில் மலை இறங்கி லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப்போன பிள்ளைகள் பலர் திரும்பி வந்தபோது வீடு இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். பதுளையும் நுவரெலியாவும்தான் நாட்டில் மண்சரிவு அபாய வரைபடம் முதலில் தயாரிக்கத் தொடங்கிய மாவட்டங்கள், 1990இலேயே. எந்தச் சரிவு இறங்கும் என்ற அறிவு இருந்தது. இறங்கும் சரிவின் கீழ் இருந்தவர்களுக்குப் போவதற்கு ஒரு துண்டு நிலம்தான் இருக்கவில்லை. இதை எழுதும்போது இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பாதுகாப்பான காணியும் வீடும் கிடைக்கும் வரை எந்த முன்னறிவிப்பும் பாதி வேலைதான் செய்யும். எச்சரிக்கை சிங்களத்தில் வரும் அதே நிமிடத்தில் தமிழிலும் வர வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். பதுளை நகரத்து மானி 40 காட்டும் இரவில் மடுல்சீமைச் சரிவில் 120 பெய்யக்கூடும். மலையில் மழை அப்படித்தான். ஆகவே ஒவ்வொரு லயத்துக்கும் சொந்தமாக ஓர் அளவு வேண்டும். அடி தட்டையான, பக்கம் நேரான பால்மா டின் ஒன்று போதும். மரமும் கூரையும் மறைக்காத வெளியில் ஆடாமல் வைத்து, காலை எட்டரைக்கு அளந்து ஊற்றிவிட வேண்டும். அடிமட்டத்தை உள்ளே விட்டால் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறதோ அதுதான் மழை. டின் பெரிதோ சிறிதோ, கணக்கு மாறாது. பெருமழை நாளில் பின்னேரமும், படுக்கப்போகும் முன்னும், நடுச்சாமத்திலும் பார்க்க வேண்டும். அதோடு நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கிளம்பிய ஊற்று, கலங்கி வரும் பீலித் தண்ணீர், இறுகித் திறக்க மறுக்கும் கதவு இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் 150 வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மழை நின்ற மறுநாளும் சரிவு பாதுகாப்பாகிவிடாது. உள்ளே இறங்கிய தண்ணீர் வடிய நாள் எடுக்கும். வெயில் வந்துவிட்டது என்று உடனே லயத்துக்குத் திரும்பிப் பானை சட்டியைக் கழுவத் தொடங்கும் பெண்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இந்தத் தீபாவளிக்குக் கோயில் கமிட்டி கூடும்போது திருவிழாக் கணக்கோடு மூன்று பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். நடுச்சாமத்தில் எழும்பி டின்னைப் பார்ப்பது யார், நடக்க முடியாத வயசாளிகளைத் தூக்கிப்போவது யார், பாடசாலை மண்டபத்துச் சாவி இரவில் யார் வீட்டில் இருக்கும்.