திங்கட்கிழமைத் தீர்ப்பு

வெள்ளி, சனி, ஞாயிறு வசூலை வைத்துத் திங்கட்கிழமையே ஒரு படத்தைத் தோல்வி என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம். முதல் மூன்று நாள் கூட்டம் நட்சத்திரத்தையும் டிரெய்லரையும் நம்பி வருவது. படம் நன்றாயிருக்கிறது என்ற பேச்சு பரவ நாளாகும். 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' அமெரிக்காவில் 1994 அக்டோபர் 14 அன்று பரவலாக வெளியானது. அதே நாளில் 'பல்ப் ஃபிக்‌ஷன்' படமும் பரவலாகத் திரைக்கு வந்தது. அந்த வார இறுதியில் ஷாஷாங்குக்குக் கிடைத்தது சுமார் 24 லட்சம் டாலர். தயாரிப்புச் செலவோ 2.5 கோடி, முதல் சுற்று மொத்த வசூலே சுமார் 1.6 கோடிதான், அதிலும் திரையரங்குகளின் பங்கு கழியும். ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளும், வீடியோ வாடகைக் கடைகளும், தொலைக்காட்சியின் ஓயாத மறு ஒளிபரப்பும்தான் அதை மக்களிடம் கொண்டு சேர்த்தன.

விற்காத இருக்கையை மறுநாள் விற்க முடியாது, மின்கட்டணமும் சம்பளமும் காத்திருக்காது என்பார்கள் திரையரங்கு உரிமையாளர்கள். நியாயம்தான். ஆனால் பங்கீட்டைப் பாருங்கள். இந்தித் தயாரிப்பாளர்கள் மல்டிபிளெக்ஸ்களுடன் 2009இல் செய்த ஒப்பந்தப்படி விநியோகத் தரப்புக்கு முதல் வாரம் 50 சதவீதம், இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, பிறகு 30. ஆக, முதல் வாரத்திலேயே அள்ளிவிடும் அவசரம் தயாரிப்பாளருக்குத்தான் அதிகம். படம் நின்று ஓடினால் திரையரங்கின் பங்கு கூடுகிறது. பிறகு ஏன் நல்ல பேச்சுள்ள படத்தையும் இரண்டாம் வாரத்தில் பகல் காட்சிக்குத் தள்ள வேண்டும்? வேலைக்குப் போகிறவர் அந்த நேரத்தில் எப்படி வருவார்? சிறிய திரையிலாவது ஒரு மாலைக் காட்சியை விட்டுவைக்கலாம்.