உங்களுக்குத் தெரியுமா? குட்டிக்குக் கடைசி ஊசிதான் முக்கியம்

பிறந்த ஒரு நாளுக்குள் குடிக்கும் சீம்பாலில்தான் தாயின் நோய் எதிர்ப்பாற்றல் நாய், பூனைக் குட்டிகளுக்குக் கிடைக்கிறது. அதன்பிறகு குடித்தால் குட்டியின் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளாது.

தடுப்பூசிக்குக் குறுக்கே நிற்பதும் இதே சீம்பால்தான்! தாய் கொடுத்த எதிர்ப்புப் பொருள், ஊசியிலுள்ள வலுவிழந்த வைரஸையும் விட்டுவைக்காது. ஒரு குட்டிக்கு அது எட்டு வாரத்தில் தீரும். கூடப் பிறந்த இன்னொன்றுக்குப் பதினாறு வாரம்வரை தங்கும். குட்டியைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் 6 – 8 வாரத்தில் தொடங்கி, 3 – 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் நிறையும்வரை போடச் சொல்கிறார்கள். முதல் ஊசியோடு ‘அதான் போட்டாச்சே’ என்று நிறுத்திவிடாதீர்கள். முந்தைய ஊசிகள் பலிக்காமல் போயிருந்தாலும் கைகொடுப்பது 16 வாரத்தில் போடும் அந்தக் கடைசி ஊசிதான்.

நாய்க்குட்டிகளை ரத்தக்கழிச்சலில் சாய்க்கும் பார்வோ வைரஸ் 1978இல்தான் அடையாளம் காணப்பட்டது. பூனைகளைத் தாக்கும் பேன்லூகோபீனியா வைரஸுக்கு அது நெருங்கிய சொந்தம். மண்ணில் ஓராண்டுகூடத் தாங்கும். சானிடைசருக்கு அசையாது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும். பார்வோவில் குட்டி இறந்த வீட்டுக்கு அடுத்த குட்டியை, எல்லா ஊசியும் முடிந்தபிறகே கொண்டுவர வேண்டும்.

நாயின் டிஸ்டெம்பர் வைரஸும் நம் தட்டம்மை வைரஸும் ஒரே குடும்பம். ஒரு காலத்தில் நாய்க்குட்டிகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டே டிஸ்டெம்பரைத் தடுத்திருக்கிறார்கள்.

கிரேட் டேனுக்கும் பொமரேனியனுக்கும் ஒரே அளவு தடுப்பூசி மருந்துதான். “சின்ன நாய்தானே டாக்டர், பாதி போடுங்க” என்று கேட்காதீர்கள். பாதி மருந்தில் பாதுகாப்பு வரும் என்று நம்ப முடியாது.

டாக்டர் ஊசி போடும்போது கவனித்திருக்கிறீர்களா? குப்பியின் அடியில் வெள்ளையாக ஒரு வில்லை ஒட்டியிருக்கும். இன்னொரு குப்பியின் திரவத்தை அதில் செலுத்தி, கரைத்து, உடனே போடுவார். பிறகு குப்பியின் லேபிளை உரித்துத் தடுப்பூசி அட்டையில் ஒட்டுவார். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அதில் இருக்கும். அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். ஊசி போட்டதும் கிளம்பாமல் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஒவ்வாமையால் முகம் வீங்கினால் உடனே கவனிக்கலாம்.

ரேபிஸ் ஊசியைப் பொதுவாக மூன்று மாதம் நிறைந்ததும் போடுவார்கள். வாசலைத் தாண்டாத பூனைக்கும் இது வேண்டும். ஊசி போட்ட நாய் கடித்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போயே ஆகவேண்டும். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கப்பட்டதே வெறிநாய்க்கடிக்கு மருத்துவம் பார்க்கத்தான்.

குட்டிப் பருவ ஊசிகளும் அடுத்த பூஸ்டரும் ஒழுங்காக முடிந்த நாய்க்கு, டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகளை மூன்றாண்டுக்கு ஒருமுறை போட்டாலே போதும் என்கின்றன உலக அளவிலான வழிகாட்டுதல்கள். எலிக்காய்ச்சல் ஊசிக்கு இது பொருந்தாது. அதன் பாதுகாப்பு ஓராண்டுதான். தேங்கிய மழைத்தண்ணீரை நக்கும் நாய்க்கு அதை ஆண்டு தவறாமல் போடுங்கள்.

வயதான நாய்க்கு ஊசியே கூடாது என்பது தவறு. சிறுநீரகம், இதயம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுவார்கள். அதுவரை ஊசியே போடாத நாய் என்றால், பத்து வயதானாலும் தொடங்கத்தான் வேண்டும்.

சினைப்பூனைக்கு உயிருள்ள பேன்லூகோபீனியா தடுப்பூசி ஆகாது. வயிற்றிலுள்ள குட்டிகளின் சிறுமூளை வளர்ச்சி குன்றி, பிறந்தபின் நடை தள்ளாடும்.

மிக அரிதாக, பூனைக்கு ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வருவதுண்டு. வீக்கம் மூன்று மாதமாகியும் வற்றாமல் இருந்தாலோ, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே போனாலோ, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.