தொரைசானியின் பாண்டிச்சேரி அம்மாச்சி

பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் முட்டி போட்டு ஒரு கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலையில் கொழுந்துச் சாக்கோடு அந்தப் பக்கம் போன அக்கா ஒருவர் நின்று பார்த்தார். "ஒங்க சொந்தக்காரங்களா தம்பி?"

"இல்லக்கா. ஆனா இந்தம்மாவோட அம்மாச்சி கல்யாணம் நடந்தது பாண்டிச்சேரியில!"

அக்கா சாக்கை இறக்கி வைத்துவிட்டார். அவ்வளவுதான், கதை தொடங்கிவிட்டது.

கல்லுக்கு அடியில் இருப்பவர் ஜூலியா மார்கரெட் கேமரூன். புகைப்படக் கலையின் வரலாற்றை யார் எழுதினாலும் முதல் சில பக்கங்களுக்குள் வந்துவிடும் பெயர். கவிஞர் டென்னிசன், டார்வின், வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல் ஆகியோரின் முகங்களை இன்று உலகம் நினைவில் வைத்திருப்பதில் பெரிய பங்கு இவருடையது. மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவை முதன்முதலில் கையில் எடுத்தபோது இவருக்கு வயது 48. அப்படிப்பட்டவர் ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் தாண்டி பஸ்ஸில் வந்தால் எட்டிவிடக்கூடிய இந்த மலையில் படுத்திருக்கிறார் என்று தெரிந்த அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இவருடைய வேரைத் தோண்டிப் பார்த்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது.

வம்சம் தேடுவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு என் ஒரே பதில்: கடைசியில் தொடங்கிப் பின்னால் நடக்க வேண்டும். ஒரு படிக்கு ஒரு தாள். தாள் கிடைக்காமல் அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது.

முதல் படி மரணம். 1879 ஜனவரி 26, டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெயார்ன் தோட்டம். நம் சனங்கள் வாயில் அது கிளங்கன். கணவர் சார்ல்ஸ் ஹே கேமரூன் அடுத்த ஆண்டு போய்ச் சேர்ந்தார். அவரும் இதே இடத்தில்தான். இலங்கையில் பள்ளிக்கூட வரலாறு படித்தவர்கள் இந்தப் பெயரில் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆமாம், கோல்புறூக்–கேமரூன் சீர்திருத்தத்தின் கேமரூன் இவரேதான்! 1833இல் இந்த நாட்டின் ஆட்சியையும் நீதிமன்றங்களையும் மாற்றிப்போட்ட மனிதர், இங்கேயே காணி வாங்கிக் கோப்பி போட்டார். இங்கிலாந்தின் வைட் தீவில் குடும்பம் வாழ்ந்த வீட்டுக்குப் பெயர் டிம்போலா. நம் திம்புள்ளதான் அங்கே போய் டிம்போலா ஆகிவிட்டது! இன்று அது ஒரு அருங்காட்சியகம்.

1875இல் தம்பதியர் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அரித்துத் தின்றுகொண்டிருந்த காலம் அது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் போட்ட தேயிலை அப்போதுதான் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. புறப்படும்போது சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டுவந்தார்கள் என்பது அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. ஒரு பசுமாடும் வந்ததாம்.

அடுத்த படி பிறப்பு. 1815 ஜூன் 11, கல்கத்தா. தகப்பன் ஜேம்ஸ் பேட்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள உத்தியோகத்தர். இந்த மனிதரைப் பற்றிய கதை ஒன்று போதும், ராத்திரி முழுக்கச் சிரிக்கலாம்: 1845இல் அவர் இறந்தபோது உடலை ரம் பீப்பாய்க்குள் வைத்து லண்டனுக்கு அனுப்ப ஏற்பாடானதாம், பீப்பாய் வெடித்து உடல் வெளியே வர, அதிர்ச்சியில் மனைவியின் உயிரும் போய்விட்டதாம். குடும்பக் கதை என்றால் இப்படித்தான் இருக்கும். தேடுகிறவர் இதைத் தனித் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பதிவேட்டை வேறு தாளில் எழுத வேண்டும். இரண்டையும் கலந்தால் போச்சு.

பிரிட்டிஷ் பக்கம் இத்தோடு நின்றால்கூட எனக்குப் போதும்தான். ஆனால் அம்மா பக்கம் திரும்பினேன், பாருங்கள், மயிர்க்கூச்செறிந்துவிட்டது. அம்மாவின் பெயர் அடலின் டெ லெத்தாங். பிரெஞ்சுப் பெயர்! அடலினின் தகப்பன் வெர்சாய் அரண்மனையோடு தொடர்புள்ள பிரெஞ்சு அதிகாரி, குதிரைகளில் கைதேர்ந்தவர். அவர் கப்பலேறி வந்து சேர்ந்த ஊர் நம் பாண்டிச்சேரி. 1788இல் அங்கேதான் தெரேஸ் பிளென் டெ கிரென்கூர் என்ற பெண்ணை மணந்தார். அந்தத் தெரேஸ்தான் நான் அக்காவிடம் சொன்ன அம்மாச்சி. பிற்பாடு வெர்சாய்க்குப் போய் 90 வயதைத் தாண்டியும் வாழ்ந்தார். ஜூலியாவும் சகோதரிகளும் சிறு வயதில் வளர்ந்ததில் பெரும்பகுதி அவரிடம்தான்.

இன்னும் இருக்கிறது. எழுத்தாளர் வில்லியம் டால்ரிம்பிள் ஜூலியாவின் சகோதரி சோஃபியாவின் வழியில் வந்தவர். சந்தன்நகரைச் சேர்ந்த ஒரு வங்காள இந்துப் பெண் கத்தோலிக்கராகி, பாண்டிச்சேரியில் பிரெஞ்சு அதிகாரி ஒருவரை மணந்தார் என்றும், தங்கள் குடும்ப வேர்களில் ஒன்று அந்தப் பெண்தான் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயக் கனவான்களின் வரவேற்பறைகளில் உட்கார்ந்து இந்தச் சகோதரிகள் தங்களுக்குள் இந்துஸ்தானியில் பேசிக்கொண்டதும் இப்போது வேறு மாதிரி காதில் விழுகிறது அல்லவா? இன்னொரு சகோதரி மரியாவின் மகள் வழிப் பேத்தி யார் தெரியுமா? வர்ஜீனியா வூல்ஃப்! அவர் 1912இல் மணந்த லெனர்ட் வூல்ஃப், யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் 1904 முதல் 1911 வரை அரச உத்தியோகம் பார்த்தவர். சுற்றிச் சுற்றி இலங்கைக்கே வந்து நிற்கிறது இந்தக் குடும்பம்.

இவ்வளவையும் தேட நான் பிரான்சுக்கும் போகவில்லை, லண்டனுக்கும் போகவில்லை. பாண்டிச்சேரியின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகம் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறது. கம்பெனிக்காரர்களின் ஞானஸ்நானக் குறிப்புகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். இலங்கைத் தோட்டமும் தொரைமாரும் வேண்டுமென்றால் ஃபேர்கசன் டைரக்டரி. 1913இல் பென்ரி லூயிஸ் வெளியிட்ட கல்லறை வாசகத் தொகுப்பு இன்னொரு புதையல். கனடாவின் கியூபெக்கில் இதைவிட வசதி: 1621இலிருந்து கோயில் பதிவேடுகளைக் கோத்து மொன்றியல் பல்கலைக்கழகம் குடும்பம் குடும்பமாக அடுக்கியிருக்கிறது. அங்கே பிரெஞ்சு வேருள்ள ஒருவர் பத்துத் தலைமுறையை ஏறிப் பார்த்துவிடலாம்.

என் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அப்பாயி சாகும்வரை தலைமாட்டில் வைத்திருந்தது. மூடி துருப்பிடித்து, திறந்தால் கற்பூர வாசனை. உள்ளே நான்காக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்த ஒரு பிறப்புச் சான்று, பிரஜாவுரிமைத் தாள், இராமேஸ்வரம் வழியாக இந்தியாவுக்குப் போன தங்கச்சி எழுதிய இரண்டு கடிதங்கள். எங்கள் ஆவணக் காப்பகம் அவ்வளவுதான்.

மலையகத்தானுக்கு வம்சம் தேடுவது பொழுதுபோக்காக வாய்க்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குத் தாள் காட்டு! மண்டபம் முகாமில் கழுத்தில் கட்டிய தகரத் துண்டில் தோட்டத்து எண்ணும் ஆள் எண்ணும் மட்டும் பொறிக்கப்பட்டு, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் எந்தத் தாளைக் காட்டுவார்கள்? 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரை இரண்டு அரசுகளுக்கு இடையே கணக்குப் பார்த்தது. 1964 அக்டோபரிலிருந்து இங்கேயே வாழ்ந்துவந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் வழி திறந்த சட்டம் வந்தது 2003இல். நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

அதனால்தான் எங்கள் தேடல் வேறு வழியில் போகிறது. குலசாமி பெயரைக் கேட்க வேண்டும், சாமி எந்த ஊர் என்று கேட்க வேண்டும், கங்காணி யார் என்று கேட்க வேண்டும். செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் பதிவேடு பழசு கிடைத்தால் அது தங்கம். கம்பளைக்குப் பக்கத்தில் பாரதெக்கவில் பழைய லயத்தையே மலையக அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே ஒரு லயக் காம்பராவின் வாசலில் நின்றபோதுதான் அப்பாயி ஏன் எப்போதும் குனிந்தே உள்ளே நுழைவார் என்பது எனக்கு விளங்கியது.

கேமரூன் அம்மா இலங்கையில் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. 1877இல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்தைப் பிடித்து, தலையை விரித்துப் போட்டு, சால்வை சுற்றி, உச்சி வெயிலில் தென்னோலைக்கு நடுவே நிற்கவைத்து, இயல்பாக இரு என்று அதட்டிப் படம் எடுத்திருக்கிறார்! அந்தப் படத்துக்குப் பெயர் இருக்கிறது. இந்த மண்ணின் உழைப்பாளிகளை எடுத்த படங்களிலோ 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

போனில் அந்தப் படங்களை அக்காவிடம் காட்டினேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு பெண்ணிடம் நின்றார். முகத்தைப் பெரிதாக்கச் சொன்னார்.

"இந்தப் புள்ளைக்கு பேரு எழுதலியா?"

"இல்லக்கா."

என் நோட்டை எட்டிப் பார்த்தார். கல்கத்தா, வெர்சாய், பாண்டிச்சேரி என்று கோடு கோடாக இழுத்து வைத்திருந்த பக்கம். அதன் கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.

"அந்தப் பேனாவ எடுங்க தம்பி. எங்க அப்பாயி பேரு சொல்றேன். ஊரு துறையூர் பக்கம், சாமி கருப்பன். மெதுவா எழுதுங்க, தப்பில்லாம எழுதுங்க."