முழங்கை வலியும் அடுத்த ஆட்டமும்

ஒரு நாற்காலியின் முதுகுச் சட்டத்தை, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி பிடித்து, முழங்கையை மடக்காமல் தூக்கிப் பாருங்கள். முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் சுரீரென்று குத்துகிறதா? அதே கையை மல்லாத்தி, ஒரு சொம்புத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்துங்கள். இதில் அவ்வளவு வலி இல்லை என்றால் உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் டென்னிஸ் எல்போதான். துணி பிழியும்போதும், மாவுப் பாத்திரத்தைத் தூக்கும்போதும், யாராவது அழுத்திக் கை குலுக்கும்போதும் இதே இடம்தான் வலிக்கும்.

டென்னிஸ் மட்டையைத் தொட்டே இராதவர்களுக்கும் இது வரும். உண்மையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள்தான். பெயின்டர், தச்சர், நாள் முழுக்க மவுஸ் பிடிப்பவர் என்று பட்டியல் நீளும். வயது பெரும்பாலும் 35-க்கும் 55-க்கும் இடையில். காலையில் அலுவலகம் போகும் முன் ஒரு மணி நேரம் ஷட்டிலோ டென்னிஸோ ஆடுகிறவர்களில் பலரும் அதே வயதுக்காரர்கள் என்பதுதான் சிக்கல்.

வலிக்கிற இடத்தில் என்ன நடக்கிறது? மணிக்கட்டைப் பின்னால் தூக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவை ஒரு தசைநாண் வழியாக முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் பிணைந்திருக்கின்றன. நீங்கள் எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டு முன்னால் மடங்கிவிடாமல் நிறுத்தி வைப்பது இந்தத் தசைகள்தான். வலி முழங்கையில் இருந்தாலும் குற்றவாளி பெரும்பாலும் பிடிதான். தாங்கக்கூடியதைவிட அதிகச் சுமை திரும்பத் திரும்ப வரும்போது, பழைய கயிறு திரி திரியாகப் பிரிவதுபோல அந்தத் தசைநாணின் இழைகள் நலிகின்றன. உடல் அதைச் சரிசெய்யப் பார்க்கிறது, ஆனால் முந்தைய சுமையிலிருந்து மீளும் முன்பே அடுத்த ஆட்டம் வந்துவிடுகிறது.

இதை வெகுகாலம் வெறும் அழற்சி என்றே நினைத்தார்கள். 1979-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் நிர்ஷலும் அவரது சக மருத்துவரும், அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவைப் பற்றி எழுதினார்கள். ஒழுங்கு குலைந்த இழைகளும் புதிதாக முளைத்த ரத்தக்குழாய்களும் அதில் இருந்தன. அழற்சிக்குரிய செல்களைப் பெரிதாகக் காணோம். இந்த வேறுபாடு தெரிந்தால்தான் எந்த வைத்தியம் ஏன் உதவாது என்பது புரியும்.

முதலில் ஊசி. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்களில் வலி குறைந்து, ஐந்தாறு வாரம் பிரமாதமாக இருக்கும். "அடுத்த வாரம் டோர்னமென்ட் டாக்டர், ஒரு ஊசி போட்டுடுங்க" என்று கேட்கத் தோன்றுவது இதனால்தான். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 198 நோயாளிகளை ஊசி, பிசியோதெரபி, சும்மா காத்திருத்தல் என்று மூன்று குழுக்களாகப் பிரித்து ஓராண்டு கவனித்தார்கள். முடிவு 2006-இல் வெளிவந்தது. ஆறாவது வாரத்தில் ஊசிக் குழு வெகுதூரம் முன்னால் இருந்தது. ஆனால் ஊசியால் தேறியவர்களில் 72 சதவீதம் பேருக்கு வலி திரும்பியது. ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களே அவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். 165 பேரை வைத்து நடந்து 2013-இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகு முழுதாகவோ பெருமளவோ தேறியவர்கள் ஸ்டீராய்டு போட்டவர்களில் 83 சதவீதம், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 96 சதவீதம். இதையெல்லாம் தெரிந்துகொண்டும் ஒரு கோப்பைக்காக ஊசி போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம். நான் போடமாட்டேன்.

அடுத்து ஓய்வு. இரண்டு மூன்று வாரம் மட்டையை உறையில் போட்டு வைப்பது நல்லதுதான், வலி அடங்கும். ஆனால் ஓய்வில் தசைநாண் பலம் பெறாது. மாதக்கணக்கில் கையை அசைக்காமல் வைத்திருந்துவிட்டு, ஒருநாள் வலி இல்லையே என்று இரண்டு மணி நேரம் ஆடினால் கதை முதலிலிருந்து தொடங்கும். தசைநாண் பலம் பெறத் தேவை அளந்து கொடுக்கும் சுமை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும், அரை கிலோ எடை வந்துவிடும். மேசை மீது முன்கையை வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்க, உள்ளங்கை கீழே பார்க்கப் பாட்டிலைப் பிடியுங்கள். முதல் ஓரிரு வாரம் அசைக்கவே வேண்டாம். மணிக்கட்டை நேராக நிறுத்தி 30 முதல் 45 நொடி தாங்குங்கள், ஒரு நிமிடம் விடுங்கள். இப்படி நான்கைந்து முறை. அது எளிதானதும், மற்றக் கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் மட்டும் நாலு எண்ணும்வரை மெல்ல இறக்குங்கள். 15 முறை ஒரு சுற்று, மூன்று சுற்று. பிறகு ஒரு கிலோ. பிறகு முழங்கையை நீட்டிக்கொண்டு.

கொஞ்சம் வலிக்கும், வலிக்கலாம். பத்துக்கு மூன்று, நான்கு என்று மதிப்பிடக்கூடிய வலி பரவாயில்லை, மறுநாள் காலை பல் துலக்கும்போது வழக்கத்தைவிட அதிகமாக இல்லாதவரை. அதிகமாக இருந்தால் எடையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் இதைச் செய்யப் பொறுமை வேண்டும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும்.

முன்கையில் கட்டும் பட்டை சிலருக்கு உதவும். எலும்பின் மேல் அல்ல, அதற்கு இரண்டு விரல் கீழே தசையின் மேல் கட்ட வேண்டும். வலி நிவாரணக் களிம்பு சில நாட்களுக்குத் தடவலாம். சுளுக்கு எடுக்கிறேன் என்று எலும்பு மேட்டைக் கட்டைவிரலால் நெரிப்பவர்களிடம் கையைக் கொடுக்காதீர்கள்.

இனி மட்டைக்கு வருவோம். ஷட்டில் ஆடுகிறவர்களிடம் ஒரு வியாதி உண்டு. டிவியில் பார்க்கும் வீரர்கள் 28, 30 பவுண்டு டென்ஷனில் ஸ்டிரிங் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாமும் 27 போடச் சொல்வது. டென்ஷன் ஏற ஏற, பந்து சரியாகப் படவேண்டிய நடுப்பகுதி சுருங்கும். தள்ளிப்படும் ஒவ்வொரு அடியும் கைக்குத்தான் வரும். 22, 23 பவுண்டு நமக்குத் தாராளம். டென்னிஸில் பாலியெஸ்டர் ஸ்டிரிங் விறைப்பானது. அதை வெட்டியெறிந்து மென்மையான மல்டிஃபிலமென்ட் போட்டு, டென்ஷனையும் சில பவுண்டு குறையுங்கள். ஸ்டிரிங் நடுவே செருகும் சின்ன ரப்பர் சத்தத்தைக் குறைக்கும், முழங்கையைக் காப்பாற்றாது.

அதைவிட முக்கியம் அடிக்கிற விதம். பழகாதவர்கள் ஒற்றைக் கை பேக்ஹேண்டில் பந்தைத் தாமதமாகச் சந்திக்கிறார்கள். முழங்கை முன்னே போக, மணிக்கட்டு மடங்கியபடி அடி விழுகிறது, சுமை முழுவதும் அந்தச் சின்னத் தசைநாணில் இறங்குகிறது. இரட்டைக் கை பேக்ஹேண்டுக்கு மாறுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. இரண்டு அடிகளுக்கு நடுவே பிடியைத் தளர்த்தவும் பழகுங்கள்.

சச்சின் டெண்டுல்கரையே இந்த டென்னிஸ் எல்போ 2004-இல் பல ஆட்டங்களில் உட்கார வைத்தது. 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராகத் திரும்பி 93 ரன் அடித்தார். அவ்வளவு கவனிப்புக்கும் பிறகு ஐந்து மாதம். நம் கைக்கு இரண்டே வாரம் கெடு கொடுப்பது நியாயமா?

விரல்கள் மரத்துப்போனால், கழுத்திலிருந்து வலி இறங்கினால், மூட்டு வீங்கிச் சிவந்தால், கையை முழுதாக நீட்ட முடியாவிட்டால், விழுந்த பிறகு வலி தொடங்கியிருந்தால், இந்தப் பயிற்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது வேறு பிரச்சினையாக இருக்கலாம்.

திரும்பி ஆடும் நாளை எப்படி முடிவு செய்வது? நாற்காலியைத் தூக்கும்போதும் இறுக்கிப் பிடிக்கும்போதும் வலி அநேகமாக இல்லை என்றால் களத்துக்குப் போகலாம், பாயின்ட் ஆடுவதற்கு அல்ல. முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி நேரம், வலைக்குப் பக்கத்தில் நின்று மெதுவான ஃபோர்ஹேண்ட் மட்டும். அடுத்த வாரம் முழு நீளம். பேக்ஹேண்டும் ஸ்மாஷும் கடைசியில். நனைந்து கனத்த பழைய டென்னிஸ் பந்தை ஓரமாகப் போடுங்கள். பாட்டில் பயிற்சியை வலி போன பிறகும் வாரம் இரண்டு முறை சில மாதம் தொடருங்கள், ஆட்டம் இல்லாத நாட்களாகப் பார்த்து.